முன்னறிவிப்பு இல்லாத வருகைகள்

ஜூன் 4, புதன்

சிங்காநல்லூர்ப் பக்கத்து வீடுகள் இன்றிலிருந்து என் பொறுப்பு. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். மொத்தம் பதினோரு வீடுகள். எட்டில் முதியவர்கள், மூன்றில் மாற்றுத்திறனாளிகள். குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைக்கும் அட்டெண்டர்களை வீடுகளுக்கு அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. அதையெல்லாம் அவர்கள் உண்மையிலேயே செய்கிறார்களா என்று பார்ப்பது சூப்பர்வைசரான என் வேலை. அலுவலக ரிஜிஸ்டரில் 'திருப்தி', 'திருப்தியில்லை' என்று இரண்டே கட்டங்கள். அவற்றில் அடங்காததை இந்த நோட்டில் எழுதிவைக்கப் போகிறேன்.

கடைசியாகப் போனது ராஜாமணி அம்மா வீட்டுக்கு. அறுபத்தாறு வயது. கணவர் மில்லில் ஃபிட்டராக இருந்து இறந்துவிட்டார். ஒரே மகன் கோகுல். முப்பத்தாறு வயதாகிறது. பிறவியிலேயே மூளைவாதம். கைகால் முறுக்கிக்கொண்டிருக்கும், கழுத்து நிற்காது, தொண்டையிலிருந்து சத்தம் வரும், சொல்லாக வராது. அந்தச் சத்தத்தை அம்மா மொழிபெயர்த்துச் சொல்கிறார். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், காலை எட்டரைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவார்.

"எனக்கப்பறம் இவன என்ன பண்றதுன்னு எல்லாரும் கேக்கறாங்க அம்மிணி. நான் ஒருத்தரையும் தொந்தரவு பண்ண மாட்டேன். போறப்ப கையோட கூட்டீட்டுப் போயிருவேன்" என்றார். இந்த மாதிரித் தாய்மார்கள் எல்லாரும் சொல்வதுதான்.

அட்டெண்டர் ஜெயசீலன், வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்தவன். நாற்பது இருக்கும். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. ஒரு வருடமாக இங்கேதான். வீடு சுத்தமாக இருந்தது. பையன் சுத்தமாக இருந்தான், நகம்கூட வெட்டியிருந்தது. ரிஜிஸ்டரில் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறான்: பத்து முதல் பன்னிரண்டு உடற்பயிற்சி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஓர் அடித்தல் கிடையாது.

எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாக வேலை செய்கிறவன் ரிஜிஸ்டரில் குழம்புக் கறை இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. மாவு புளித்துப் போயிற்று. ஏழு வீடுகள்.

ஜூன் 9, திங்கள்

காலை எட்டரைக்கே ராஜாமணி அம்மா வீட்டில் போய் நின்றேன். சொல்லாமல் போனால்தான் எதையும் பார்க்க முடியும். ஜெயசீலன் பையனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அக்குளுக்குக் கீழே, மார்பின் குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம். அழுத்திப் பார்த்தேன். பையன் முகத்தைச் சுளித்தான்.

"இது என்னது?"

"வீல்சேர் பெல்ட்டுங்க மேடம்."

வீல்சேரைப் பார்த்தேன். அதன் பெல்ட் இடுப்போடு போகிறது, மார்புக்கு வரவே வராது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சுதாரித்துக்கொள்வான். ரிஜிஸ்டரில் 'திருப்தி' போட்டுவிட்டு வந்தேன்.

யாரோ இவனைக் கட்டிவைக்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

அம்மா டயாலிசிஸ் போகும் நாள். பதினோரு மணிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டில் காலி. ஜெயசீலன் போன் அணைக்கப்பட்டிருந்தது.

எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "அவங்களா? செவ்வாக்கெழமை வெள்ளிக்கெழமைன்னா ஆட்டோ வரும்ங்க. தூக்கி வெச்சுட்டுப் போவாரு. எங்கன்னு நான் கேட்டதில்லீங்க. நமக்கெதுக்குங்க?"

ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். என் பொறுப்பில் உள்ள வேறொரு வீட்டில் ஒரு பாட்டியின் யூரின் டியூப் அடைத்துக்கொண்டது என்று அழைப்பு வந்ததால் போக வேண்டியதாயிற்று.

பேச முடியாதவனைத் தூக்கிக்கொண்டு, தாய்க்குத் தெரியாமல், வாரம் இரண்டு முறை. எங்கே? உக்கடம் சிக்னலில் வீல்சேரில் உட்காரவைத்துப் பிச்சை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களில் இவன் முகத்தை வைத்துப் பார்க்கிறேன்.

ஜூன் 14, சனி

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நேற்று: 'பத்து முதல் பன்னிரண்டு உடற்பயிற்சி.' பூட்டியிருந்த கதவுக்கு வெளியே நான் நின்ற நேரம்.

மருந்து அலமாரியையும் சரிபார்த்தேன். அம்மாவுக்கு டாக்டர் எழுதிய தூக்க மாத்திரை. மூன்று மாதமாக வாங்கியிருக்கிறார்கள், கடை ரசீது இருக்கிறது. அலமாரியில் ஓர் அட்டைகூட இல்லை. "நான் அதப் போடறதே இல்லைங்களே, போட்டா அவன் கூப்புட்டாக் கேக்காதே" என்று அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார். அப்படியானால் மாத்திரைகள் எங்கே போயின? பையனைத் தூங்கவைத்துத்தான் வெளியே கொண்டுபோகிறானா?

அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. உடம்புக்கு முடியாதவர்.

ஜூன் 16, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன். "குடும்பத்துல இருந்து புகார் வந்துச்சா? இல்லல்ல? ஆம்பள அட்டெண்டர் கிடைக்கறதே கஷ்டம். ஆதாரத்தோட வாங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கணபதி வீட்டு விஷயத்துக்கப்பறம் நீங்க எல்லாரையும் சந்தேகப்படறீங்க சுலோசனா" என்றார்.

கணபதி வீட்டைப் பற்றி இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஜூன் 18, புதன்

கோகுலின் இடது கட்டைவிரலில் ஊதா மை. கழுவியும் போகாமல் ரேகைக்குள் ஒட்டியிருந்தது. நேற்று செவ்வாய்.

இப்போது புரிகிறது. அந்த வீடு கணவருக்குப் பின் அம்மா, மகன் இருவர் பேரிலும் இருக்கிறது. கைநாட்டு வாங்கிவிட்டான்.

அம்மாவிடம், "பையன் கையில என்னங்க மை?" என்று பொதுவாகக் கேட்டேன். கோகுல் ஏதோ நீளமாகச் சத்தம் போட்டான். அவன் முடிப்பதற்குள் அம்மா சொன்னார்: "காரம் பட்டுதாம், கண்ணு எரியுதாம்." ஈரத்துணி கொண்டுவந்து கண்ணைத் துடைத்தார். ஜெயசீலன் குனிந்து வீல்சேர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்பது மணிக்கே தெருமுனை பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு டீ. பத்தேகாலுக்கு ஆட்டோ வந்தது. ஜெயசீலன் பையனைக் குழந்தையைப் போலத் தூக்கி உள்ளே வைத்தான். ஒரு நீளத் துண்டை மார்பின் குறுக்கே சுற்றி, ஆட்டோக் கம்பியோடு இறுக்கிக் கட்டினான். வீல்சேரை மடித்துப் பின்னால் செருகினான். ஆட்டோக்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தேன். போத்தனூர் தாண்டி, ஒரு தென்னந்தோப்பு ஓரம், பச்சைக் கேட். 'ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகள் இல்லம்' என்று பலகை. உள்ளே போனேன். அலுவலக அறையில் பொறுப்பாளர் அம்மாள், மேசையில் ஒரு விண்ணப்பம். அதில் ஊதாக் கைநாட்டு.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஜெயசீலன் எழுந்து நின்றான்.

பொறுப்பாளர்தான் பேசினார்: "நீங்க வீட்டு ஆளுங்களா? இவங்க மூணாவது தடவையா வராங்க. காப்பாளர் கையெழுத்து இல்லாம சேத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"பெத்த தாய் உயிரோட இருக்கறப்ப அநாதைன்னு சொல்லி இங்க தள்ளப் பாக்கறியா? எவ்வளவு நாளா? யார் சொல்லி?"

"அவரக் கேளுங்க மேடம்" என்றான் ஜெயசீலன், கோகுலைக் காட்டி. "அவர் சரின்னு சொன்னா நான் சொல்றேன். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

எவ்வளவு திமிர். பேச்சே வராதவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். கோகுல் கத்திக்கொண்டே இருந்தான். உடம்பு முழுக்க வில்லாக வளைந்தது. பயந்துபோயிருக்கிறான், பாவம்.

ஜூன் 21, சனி

ஜெயசீலன் நீக்கப்பட்டான். காரணம்: பொய்ப் பதிவு, தாய்க்குத் தெரியாமல் நோயாளியை வெளியே கொண்டுசென்றது, மாத்திரைத் திருட்டு (சந்தேகம்). மற்ற நிறுவனங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் அவன் பெயரைப் போட்டுவிட்டோம். தகவலை எழுதியது நான்தான்.

அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனான் என்று மட்டும் சொன்னேன். அவர் அதிர்ந்து போய் உட்கார்ந்துவிட்டார். "சாமியாட்ட இருந்தானே. இனி யாரத்தான் நம்பறது? போதும்ங்க, ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாத் தேவலை" என்றார்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

புது அட்டெண்டர் பழனிச்சாமி. உடுமலைக்காரன், இருபத்தெட்டு வயது. கையில் பலம் இருக்கிறது, பழக்கம் இல்லை. அவன் ஊட்டினால் பையனுக்குப் புரையேறுகிறது. அதனால் இனி அம்மாவே ஊட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 25, புதன்

கோகுல் சாப்பிடுவதில்லை. திங்கள் மத்தியானத்திலிருந்து. தண்ணீர் குடிக்கிறான், அதுவும் பழனிச்சாமி குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தால். அம்மா ரசம் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறான். என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஜெயசீலன் இல்லாத ஏக்கம்ங்க" என்றார் அம்மா.

கோகுல் சத்தம் போட்டான். என்னைப் பார்த்துத்தான் போட்டான்.

"போகச் சொல்றானுங்க உங்கள. தலவலிக்குதாம்."

அந்த இடத்தில் எனக்கு ஏதோ இடறிற்று. சத்தம் முடியவே இல்லை, அதற்குள் அர்த்தம் வந்துவிட்டது. போன வாரமும் அப்படித்தான். மையைப் பற்றிக் கேட்டால் காரம் என்றார். கோகுல் சொல்வதெல்லாம் அம்மாவுக்குச் சௌகரியமானதாகவே இருக்கிறதே? இத்தனை நாளாக நான் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

வெள்ளிக்கிழமை அம்மா இல்லாதபோது வர வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஒன்பதரைக்குப் போனேன். பழனிச்சாமி மெத்தை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். "மேடம், இது மெத்தைக்கு அடில இருந்துச்சுங்க" என்று ஓர் அட்டையை நீட்டினான். பெரிய மாதக் காலண்டரின் பின்பக்கம். ஸ்கெட்ச் பேனாவில் ஆறு வரிசையாகத் தமிழ் எழுத்துகள். மூலையில் ஜெயசீலனின் அதே சாய்ந்த கையெழுத்து: 'மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை. அவசரப்படுத்தக் கூடாது.'

முதலில் இதிலும் ஏதோ சூது என்றுதான் நினைத்தேன். கோகுல் அட்டையைப் பார்த்த பார்வையைக் கண்டதும் அந்த நினைப்பு நின்றுவிட்டது. பழனிச்சாமியைக் கடைக்கு அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஜெயசீலன் உன்னை அடிச்சானா?" கண் மூடிற்று.

"மிரட்டினானா?" மூடிற்று.

"எழுத்துத் தெரியுமா?" மேலே பார்த்தார்.

ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்தேன். வரிசை சரியாக வந்ததும் மேலே பார்ப்பார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக. காலும் கொம்பும் நானே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

'என்னைக் கேக்கல.'

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தாறு வயது மனிதரை மூன்று வாரமாக அழுத்திப் பார்த்திருக்கிறேன், சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், விரலைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. டிவியில் செய்திக்கு அடியில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றிருக்கிறார். அம்மாவுக்கு அது தெரியாது, படம் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார்.

"இல்லத்துக்குப் போகணும்னு சொன்னது யாரு?"

'நான்.'

"ஏன்?"

'அம்மா ரொம்ப நாள் இல்ல. நானே பாத்து எடுக்கணும். மூணு எடம் பாத்தேன். ஒண்ணு நாத்தம். ஒண்ணுல கட்டி வெக்கறாங்க. போத்தனூர் பரவால்ல.'

"அம்மாகிட்டச் சொல்லலாமே?"

'ஜெயா சொல்லலாம்னார். நான் வேண்டாம்னேன்.' ஜெயா என்றது ஜெயசீலனை. வியர்த்துவிட்டது அவருக்கு. துடைத்துவிட்டேன். நிறுத்தலாமா என்றேன். கண்ணை இறுக மூடினார். மறுபடி அட்டை.

'அம்மா மாத்திரை.'

"அம்மாவுக்கு மாத்திரை வேணுமா?" இல்லை.

"அம்மா மாத்திரை போடறதில்ல, அதச் சொல்றீங்களா?" இல்லை என்று மூடி, பாதி சரி என்பதுபோலத் திறந்தார்.

'சேக்குது.'

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அடுத்தது வந்தது.

'எனக்கும் சேத்து.'

நோட்டின் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். 'போறப்ப கையோட கூட்டீட்டுப் போயிருவேன்.' நானே என் கையால் எழுதிவைத்திருக்கிறேன், மூன்று வாரம் முன்பு, இந்த நோட்டில். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான் என்றும் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். ஜெயசீலனை நான் துரத்திய பிறகு அம்மா தினமும் அதையே பேசுகிறாராம். அதனால்தான் கோகுல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மாத்திரைகள் எங்கே என்று கேட்டதற்கு, கட்டிலிலிருந்து தெரிகிற இடம் என்றார். ஒவ்வொன்றாகக் கை வைத்துக் கேட்டேன். சாமி அலமாரியில் கை வைத்ததும் மேலே பார்த்தார். விபூதித் தட்டுக்குப் பின்னால், கணவரின் மில் அடையாள அட்டை இருந்த உறையில் அத்தனையும் இருந்தன. எடுத்துக்கொண்டேன்.

பழனிச்சாமி கடையிலிருந்து இட்லிப் பார்சலோடு வந்தான். நூலை அவர் கண் முன்னாலேயே அவிழ்த்தேன். ஒரு விள்ளலை நானே முதலில் தின்று காட்டினேன். வாயைத் திறந்தார். ஐந்து இட்லி.

டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளிடம் பேசும் ஆலோசகர் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் போனில் எல்லாம் சொன்னேன். இன்றே ராஜாமணி அம்மாவைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்னார். 'சோதனை அடிப்படையில் இலவச இரவுச் சேவை' என்று ஒரு பொய் சொல்லிப் பழனிச்சாமியை அங்கேயே தங்கவைத்திருக்கிறேன். சாப்பாட்டை அவன்தான் தொட வேண்டும், புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, சனி

காலை ஆறு மணிக்கு ராஜாமணி அம்மாவின் போன்.

"ஏனுங்க, எங்கூட்டு சாமி அலமாரில கை வெச்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"நேத்து டயாலிசிஸ்ல ஒரு அம்மா வந்து கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்துது. நீங்கதான் அனுப்புனீங்களாட்டருக்குது" என்றார். பிறகு: "நீங்க பெத்தவங்களுங்களா?"

பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுதவும் போவதில்லை.

"புதங்கெழம வாங்க. பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

ஒண்டிப்புதூரில் ஜெயசீலன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். வரிசையாக ஆறு வீடுகளில் கடைசி. இந்த வாரம் முழுக்க வேறு நிறுவனங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நாற்காலி போடவில்லை.

"அந்த அட்டையக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

"கோகுல் சார் பேசினாரா?" அவர் முகம் மாறிற்று. "என்ன சொன்னாரு?"

சொன்னேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னபோது அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அது எனக்குத் தெரியாது மேடம். சத்தியமாத் தெரியாது. அவசரம் அவசரம்னுவாரு. ஏன்னு கேட்டா அட்டைய மூடச் சொல்லிருவாரு. அம்மாவக் காட்டிக் குடுக்க மனசில்ல போல."

"திரும்பி வாங்க ஜெயசீலன்."

"பொய் எழுதினது நான்தான், மேடம். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன். ஆனா திருடன்னு எழுதினது நீங்க. அத நீங்கதான் மாத்தணும். வாயால இல்ல. எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க."

ஜூன் 30, திங்கள்

ஜெயசீலன் திருடவில்லை என்று நான் எழுதிய மறுப்புக் கடிதத்தை மேனேஜர் இரண்டு முறை படித்தார். "இத அந்தக் குழுவுல போட்டா நம்ம பேர் என்ன ஆகும்? ஆள் நல்லவனாவே இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல பொய் எழுதினவன எப்படித் திருப்பி எடுக்கறது?"

"அதுக்கு வேலைய விட்டு நீக்கணும்னா முதல்ல என்னை நீக்குங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். கணபதி வீட்டுப் பாட்டிக்கு முதுகில் புண் வந்து எலும்பு தெரிந்தது. 'இரண்டு மணிக்கொரு முறை புரட்டினேன்' என்று அட்டெண்டர் பொய் எழுதியதாகத்தான் எல்லாரும் அறிந்தது. அந்த மாதம் அதன் கீழே 'நேரில் பார்த்தேன்' என்று என் கையெழுத்துகள் ஒன்பது இருக்கின்றன. நான் போனது இரண்டு நாள். அந்தப் பாட்டி இறந்தார். அட்டெண்டர் பெண் வேலையிழந்தாள். நான் இழக்கவில்லை.

மத்தியானம் ஆணை வந்தது. ஜெயசீலனுக்கு எச்சரிக்கையோடு மறுபடி வேலை. மறுப்பைக் குழுவில் நானே என் பெயரோடு போட வேண்டும். மூன்று மாதத்துக்கு நான் சூப்பர்வைசர் இல்லை, அட்டெண்டராக வீடுகளுக்குப் போக வேண்டும்.

குழுவில் போட்டேன். யாரும் பதில் எழுதவில்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

கூடத்தில் நாங்கள் நான்கு பேர். ராஜாமணி அம்மா கட்டிலோரம், நான் சுவரோரம். ஜெயசீலன் அட்டையைக் கோகுலின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க? முப்பத்தாறு வருசமா அவன் மூச்சு விட்டா எனக்கு அர்த்தம் தெரியும்" என்றார் அம்மா.

கோகுல் குரல் எழுப்பினார். அம்மா உடனே, "பாருங்க, பசிக்குதுங்கறான்—"

"அம்மா" என்றேன். "சித்த நேரம் பொறுங்க. அவர் முடிக்கட்டும்."

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஜெயசீலனின் விரல் வரிசை வரிசையாக நகர்ந்தது. அவர் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடங்கள் முட்டிக்கொண்டு, அது கிளம்பியும் போயிற்று. வாக்கியம் முடியவில்லை. அம்மாவின் உதடு முதலில் ஏளனமாக இருந்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தானும் கூட்டிப் படிக்க ஆரம்பித்தது.

'அம்மா நான் உன்கூட வரல.'

ஜெயசீலன் விரலை மறுபடி முதல் வரிசைக்குக் கொண்டுபோனார்.

'நீ போ. எனக்கு இருக்கணும்.'

அவர் அழுவார், கத்துவார், என்னை அடிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். மகன் பக்கம் குனிந்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். கோகுல் மேலே பார்த்தார். "எப்பருந்து?" ஜெயசீலன் அட்டையைத் தூக்கினார். 'அப்பா இருக்கறப்பருந்து.'

"என்ர கிட்ட ஏஞ் சாமி சொல்லல?"

அதற்குக் கோகுல் அட்டையைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தார். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நான் பின்னால் எழப் போனேன். ஜெயசீலன் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனாலும் போனேன், என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அம்மா அடுப்பு மேடையில் தலை சாய்த்து நின்றிருந்தார். பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

"நான் பிசாசுன்னு நெனச்சுட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"ஆருகிட்ட உட்டுட்டுப் போறதுன்னுதான். வேறொண்ணுமில்ல. ஆருகிட்டன்னுதான்."

ஜூலை 3, வியாழன்

கோகுல் அம்மா கையால் இரண்டு தோசை சாப்பிட்டதாக ஜெயசீலன் போன் செய்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பீளமேட்டில் ஒரு பெரியவருக்கு அட்டெண்டராகப் போகிறேன். பக்கவாதம். பத்து வருடம் கழித்து மறுபடி ஆளைத் தூக்குகிறேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ரிஜிஸ்டரில் நேரத்தைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன்.

ஆலோசகர் அம்மா வாரம் இரண்டு முறை ராஜாமணி அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிறார். மருந்தெல்லாம் இப்போது ஜெயசீலனின் பூட்டிய பெட்டியில். நானும் போன் செய்து கேட்கிறேன். நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்ததும் நேராகப் போத்தனூர் போகலாம் என்று சொன்னது ராஜாமணி அம்மாதான். எனக்கும் வரச் சொல்லி அழைப்பு. அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

அம்மா சோர்ந்து போயிருந்தார், கையில் ஊசிக் கட்டு. ஆனாலும் இல்லம் முழுக்க நடந்தார். அடுக்களையில் சாம்பார்க் குண்டானைத் திறந்து மோந்தார். "புளி ஜாஸ்தி" என்றார் சமையல்காரரிடம். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். கட்டில் கால்களில் கயிற்றுத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நானும் அவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். பொறுப்பாளர் அம்மாளைத் துருவித் துருவிக் கேட்டார்: யார் ஊட்டுவார்கள், புரையேறினால் யார் வருவார்கள், அட்டையைப் பிடிக்க ஆள் இருக்குமா. ஒரு பதிலில் திருப்தியில்லை என்றால் கோகுலைத் திரும்பிப் பார்த்தார். கோகுல் மேலே பார்த்தாலோ கண்ணை மூடினாலோ அதன் பிறகுதான் அடுத்த கேள்வி.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. "இப்பப் போடலீங்க. நான் இருக்கற வரைக்கும் அவன் எங்கூட்லதான். ஆனா பேர எழுதி வெச்சுக்கங்க" என்றார்.

ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாக இருந்தது. கோகுலுக்குப் பிடித்தது அதுதானாம். அம்மா அதில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "தென்ன மரம் தெரியுது" என்றார். படுத்தால் தெரிகிறதா பார்க்கலாம் என்று சரிந்து படுத்தார்.

அப்படியே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டு.

மூன்று வருடமாக அவர் இப்படித் தூங்கியதில்லை என்று கோகுல் முன்பு சொல்லியிருப்பதாக ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார். குனிந்து மூச்சைக் கவனித்தேன், நாடி பிடித்தேன். சீராக இருந்தது. வெறும் தூக்கம்தான்.

ஆட்டோக்காரர் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தார். எழுப்பட்டுமா என்று ஜெயசீலன் கேட்டார். கோகுல் கண்ணை மூடினார். நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம்.